சாம்பல் போட்டு மினுக்கிய கொக்கிஸ் அச்சு

தங்கச்சி கலியாணம் முடித்த பிறகு வந்த முதல் சித்திரை வருஷம் அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே மகன் என்ன சாப்பிடுகிறான் என்பதைத் தங்கச்சியின் மாமியார் வந்துதான் பார்க்க வேண்டும். வருஷத்தன்று பின்னேரம் நான்கு மணிக்கு அவர் வெல்லாவெளியிலிருந்து வருவதாக இருந்தது. "கொக்கிஸ் நானே சுட்டுத் தாறன் மாமி" என்று தங்கச்சி போனில் சொல்லிவிட்டாள். அந்த அச்சுப் பலகாரத்தை அதுவரை அவள் ஒருமுறையும் சுட்டதில்லை.

அச்சு எங்களுடையதல்ல; பக்கத்து வீட்டுப் பறங்கி அன்ரியுடையது. நீளக் கம்பியின் நுனியில் எட்டு இதழ்ப் பூ. அடுப்புக் கரியைப் போலக் கறுத்திருந்தது. அன்ரி நத்தார்ப் பண்டிகைக்கு முட்டை சேர்த்துச் சுடுகிறவர். எங்கள் பலகாரமோ முதலில் சாமிக்குப் படைக்க வேண்டியது. அதனால் காலையிலேயே கிணற்றடியில் குந்தி, சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தேன். பிறகு சவர்க்காரம். அரை மணித்தியாலத்தில் எட்டு இதழும் பித்தளையாக மினுங்கின. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டரைக்கு எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறியது. அரிசிமா, தேங்காய்ப்பால், சீனி, கொஞ்சம் மஞ்சள். சூடான அச்சை மாவில் முக்கால்வாசி தோய்த்து எண்ணெய்க்குள் பிடித்து உதறினால் பூ கழன்று மிதக்க வேண்டும். முதலாவது கழலவில்லை. இரண்டாவதை ஈர்க்கால் கிண்டி எடுத்தாள். மூன்றாவது தூள்.

மச்சான் அந்தத் தூளை நின்றபடியே தின்றுகொண்டிருந்தார்.

"உங்கட அம்மா வரப்போறா, நீங்க நிண்டு தின்னுறீங்க!" என்று தங்கச்சி சீறினாள்.

"ருசி நல்லாத்தான் இரிக்கி. உருவம்தான் இல்ல."

தங்கச்சியின் கண் கலங்கிவிட்டது. நான் ஓடிப்போய் அன்ரியைக் கூட்டிவந்தேன். அவர் அச்சைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயோ, இத ஆரு கழுவின?"

"நான்தான் அன்ரி. வடிவா மினுக்கித்தான்..."

"வடிவா மினுக்கி, எண்ட நாப்பது வருஷத்து எண்ணெய உரிச்சிப்போட்டாய் மகன்! இதத் துணியால துடைக்கிறதோட சரி. தண்ணியே காட்டுறல்ல!"

எண்ணெய் குடிக்காத அச்சில் மா ஒட்டிப் பிடிக்குமாம். அச்சை அப்படியே எண்ணெய்க்குள் இறக்கினார். தங்கச்சி இரண்டு முறை கை நீட்டினாள். "தொடாத மகள், அது குடிக்கட்டும்." எங்கள் நான்கு பேரின் கண்ணும் தாச்சியில்தான். மூன்று நாற்பதுக்கு அச்சை வெளியே எடுத்தார். அடுத்த பூவில் நான்கு இதழ் ஒட்டின. அதற்கடுத்ததில் ஒன்று. அந்த நேரம் பார்த்து மச்சானின் போன் அடித்தது.

"கல்லடிப் பாலம் தாண்டிற்றாங்களாம். இன்னும் கால் மணித்தியாலந்தான்."

தங்கச்சி அச்சைத் தோய்த்தாள், எண்ணெய்க்குள் பிடித்தாள், ஒரே ஒரு உதறல். பூ முழுசாக வழுக்கி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி மிதந்தது. அவள் போட்ட கூச்சலில் அன்ரி வீட்டு நாய் குரைத்தது. "அடுத்தது, அடுத்தது!" என்று நானும் கத்தினேன். வாசலில் ஆட்டோ நின்றபோது பழைய பத்திரிகைத் தாளில் பதினேழு பூக்கள் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தன. முதல் மூன்றைச் சாமிக்கு வைத்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் அடுக்கினோம்.

மாமியார் ஒன்றை எடுத்து ஓர் இதழை முறித்தார். முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது.

"ஆரு புள்ள சுட்ட?"

"நான்தான் மாமி."

"ஓம், ஓம். நான் சும்மா பார்த்துக்கொண்டு நிண்டனான்" என்றார் அன்ரி.

மாமியார் நான்கு தின்றார். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அச்சை ஒரு கிழமைக்கு வெல்லாவெளிக்குத் தரமுடியுமா என்று கேட்டார். அன்ரி உடனே தலையாட்டினார்.

"கழுவித்தான் திருப்பி அனுப்புவன், யோசிக்காதீங்க" என்றார் மாமியார்.

"கழுவாதீங்க!" என்று நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் பார்வை என் கையில் நின்றது. நகங்களுக்குள் சாம்பல் இன்னும் இருந்தது.