சுண்ணாம்புக் குறி தப்பின பகல்

என் மாப்பிள்ளை தாசனை உங்க எல்லாருக்கும் தெரியும். என் தங்கச்சி எஸ்தரோட புருஷன். நம்ம டாலா ஊர் ஜெபக்கூட்டத்துல கடைசி பெஞ்சியில காலை நீட்டி உக்காந்திருக்காரே, அவர்தான். அந்த மனுஷனை நான் சாகட்டும்னு விட்டுட்டு நடந்தேன். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

1926 பங்குனி மாசம். மேல்பர்மாவில எண்ணெய் தேடுற சர்வே கூட்டத்துல எங்க ரெண்டு பேருக்கும் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிற வேலை. அது என்ன மண்ணுங்கிறீங்க! மழை அரிச்சு அரிச்சு எங்கே பார்த்தாலும் மொட்டை மேடு, செங்குத்தான ஓடை. ஒண்ணைப் போலவே இன்னொண்ணு. போற வழியில கல்லுக்குக் கல்லு சுண்ணாம்பு தடவிக்கிட்டே போவோம். திரும்பி வர அதுதான் துணை.

அன்னைக்கு ஒரு முகட்டுல அளவுக் கொடி நடப் போனோம். முந்தின நாள் சின்னத் தூறல் போட்டிருந்தது. திரும்பும்போது வெயில் ஏறி, ஈரம் காஞ்சு, மண்ணுல உவர் பூத்துட்டுது. கல்லெல்லாம் வெள்ளை. "அந்தா நம்ம குறி" என்று நான்தான் கைகாட்டினேன். அதை நம்பி இறங்கினோம். அடுத்த வெள்ளையைப் பார்த்து நடந்தோம். கிட்டப்போய் விரலால தேய்ச்சு நாக்குல வச்சேன். சுண்ணாம்பு இல்ல, உப்பு.

பதறி ஏறும்போது மாப்பிள்ளை சறுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிஞ்சு போச்சு. தண்ணி டப்பா ஓடைக்குள்ள உருண்டு உடைஞ்சுது. தூக்கிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். முடியல. கரையோரம் கொஞ்சம் நிழல் இருந்தது, அங்கே கிடத்தினேன்.

"மச்சான், நீரு போயிரும். எஸ்தரைப் பார்த்துக்கிடும்."

"வாயை மூடும் ஓய்!" என்று கத்தினேன். கத்திட்டு, போனேன். வேற என்ன செய்ய?

எஸ்தர் அப்போ பிள்ளைத்தாய்ச்சி. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டுது. மண்டியிட்டேன். நல்ல ஜெபமெல்லாம் வரல. "ஆண்டவரே, உமக்குக் கண்ணு இருக்கா இல்லையா? என்னைக் கொல்லும், அவரை விட்டுரும். பிறக்கப்போற பிள்ளை உமக்கு என்ன பாவம் செஞ்சுது?" என்று சண்டை போட்டேன். அழுதேன், கண்ணீர் வரல. வானத்துலயிருந்து ஒரு சத்தமும் வரல.

புத்தி மரத்துப்போய் ஒரு மேட்டுல தவழ்ந்து ஏறினேன். அந்தப் பக்கம் ஒத்தைப் பனை. உச்சியில கலயம். கலயம் தொங்கினா சாயங்காலம் ஆள் வருவான்னு திருநெல்வேலிக்காரனுக்குச் சொல்லித் தரணுமா? ஆனா சாயங்காலம் வரைக்கும் மாப்பிள்ளை தாங்கணுமே. மரத்துல மூங்கில் ஏணி கட்டியிருந்தது. ஏறினேன். கலயத்தை அவிழ்த்துத் தலைத்துண்டுல கட்டி இறக்கினேன். புளிச்சுப்போன பதநீர். சத்தியமா ஒரு மடக்குதான் குடிச்சேன்.

திரும்பினா, எந்த ஓடை? எல்லாம் ஒண்ணுபோல. "மாப்ளே! மாப்ளே!" என்று மேடு மேடா ஏறிக் கத்தினேன். கையில குடிக்க இருக்கு, ஆளைக் காணோம். அய்யோ, அந்த நேரம் என் எதிரிக்குக் கூட வரக்கூடாது.

அப்போ பின்னால ஒரு சத்தம். "திருட்டுப்பயலே, நில்லு!" என்று பர்மாப் பேச்சுல. மரத்துக்காரன், பாளை சீவுற அரிவாளோட ஓடி வர்றான். பேரு கோ தின், அது பின்னாலதான் தெரியும். என் சட்டையைப் பிடிச்சான். கலயத்தை மட்டும் விடாம, உடைஞ்ச காலை நடிச்சுக் காட்டினேன். என் வெடிச்ச உதட்டை உத்துப் பார்த்தான். அரிவாளை இடுப்புல செருகினான். கீழே குனிஞ்சு நான் வந்த காலடித் தடத்தைப் பார்த்தான். அவன் முன்னால நடந்தான், நான் பின்னால ஓடினேன்.

மாப்பிள்ளைக்கு மூச்சு இருந்தது. கோ தின் அவர் தலையைத் தன் மடியில வச்சுச் சொட்டுச் சொட்டா ஊத்தினான். அப்புறம் முதுகுல சுமந்து, மாட்டுவண்டியில எங்க கூடாரம் இருந்த ஆத்தங்கரைக்குக் கொண்டு சேர்த்தான்.

இப்ப தினமும் என் ஜெபத்துல அவன் பேரும் உண்டு. அவன் புத்தருக்குப் பூ வைக்கிறவன்தான், இருக்கட்டுமே. நான் கேட்ட உதவி என்னைத் திருடன்னு திட்டிக்கிட்டுத்தான் வந்தது.

விட்டுட்டுப் போனதை எஸ்தர்கிட்ட மறைக்கல. பிள்ளை பிறந்ததும் அவ முதல்ல என் மடியிலதான் போட்டா. அன்னைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

வழி தெரியாம நிக்கிறவங்க யாராவது இங்கே இருந்தா, வாயைத் திறந்து கேளுங்க. கோபமா இருந்தா கோபமாவே கேளுங்க. அவர் என் சண்டையையும் கேட்டார்.