ஒரே இலையில் மடவைக் குழம்பு

ஒல்லாந்து தேசத்து வெள்ளைக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு இருந்த அந்தக் காலத்தில், எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் பாவமன்னிப்பு. ஒல்லாந்தரும் ஏசுவைக் கும்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் அவர்கள் சபை வேறு, எங்கள் கத்தோலிக்கச் சாமியார்களைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. அதனால் மயிலாப்பூர்ப் பக்கமிருந்து சாமியார் தோணி ஏறி, மீன் கூடைகளுக்கு நடுவே அங்கியைச் சுருட்டிக்கொண்டு வருவார். ஏரித் தீவில் இருந்த எங்கள் நாலைந்து குடும்பங்களும் ஒரு வருஷத்துப் பாவத்தை அவரிடம் மொத்தமாக இறக்கிவைப்போம். மனுஷர் கொட்டாவியை அடக்க முடியாமல் தவிப்பார். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் பிறந்தது அம்மனைக் கும்பிடும் வீடு. அதே தீவில் நாலு வீடு தள்ளி, எங்கள் சனத்திலேயே ஒரு கிறிஸ்துவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஞானஸ்நானம் வாங்கினேன். நைனா போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்தது அண்ணன்தான். "சாமி எதுவா இருந்தா இன்னா, பையன் நல்லவன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அண்ணனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு சிநேகிதம். காலையில் கோட்டை மணி அடிக்கும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தோணியைத் தள்ளுகிற சத்தம் கேட்கும். கரையெல்லாம் இறால் காயும் வாடை. புதுசாக வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கோ அந்த வாடைக்காகவே இன்னொரு முறை அங்கே போய் நிற்கவேண்டும் என்று ஏக்கமாக இருக்கிறது.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று அம்மன் முன்னால் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். முறைக்காரன் வராவிட்டால் அந்த இடம் அன்றைக்குச் சும்மாதான் கிடக்கவேண்டும். அடுத்தவன் அங்கே வலை கட்டக் கழி நட்டால் அது அம்மனுக்குச் செய்த குற்றம்.

மழை முடிந்து முகத்துவாரம் திறந்து, இறால் கும்பல் கும்பலாகக் கடலுக்கு ஓடிய ஒரு நாள். அன்று அண்ணனுடைய பாடு. அவரோ ஒல்லாந்தர் கப்பலுக்குத் துணிமூட்டை ஏற்றப் போனவர் திரும்பி வரவில்லை. இறால் போவதைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. பாதி மச்சானுக்கு, பாதி நமக்கு என்று தனக்குத்தானே பங்கு பிரித்துக்கொண்டு கழியை நட்டுவிட்டார். ஆசைதான், வேறென்ன.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்துவிட்டார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா!" என்று கத்திக்கொண்டே கழியைப் பிடுங்கினார். இவர் விடவில்லை. இழுபறியில் தோணி திரும்பி, அண்ணனின் வலது கை கழிக்கும் தோணி விளிம்புக்கும் நடுவே நசுங்கியது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. கடைசிவரைக்கும் மடங்கவே இல்லை. வலை இழுக்கிற கை அதோடு போயிற்று.

கட்டைப் பிரிப்பதற்கு முன்பே ஊர் கூடியது. பெரியவர்கள் எங்கள் வழக்கப்படி தீர்ப்புச் சொன்னார்கள். "கெடா வெட்டி அம்மனுக்கு ரத்தம் உடு. அப்பறம் அடிச்சவனும் அடிபட்டவனும் ஒரே எலையில சாப்புடுங்க. குத்தம் தீந்துது."

அதுவரைக்கும் எங்களுக்குப் பாடு கிடையாது. யாரும் நெருப்பும் தண்ணீரும் தரமாட்டார்கள். என் பிறந்த வீட்டு வாசலை நான் மிதிக்கக்கூடாது.

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று அழுதார். "இன்னா வேணா செய்றேன். கெடா மட்டும் வெட்டமாட்டேன். எனக்காக ஒரு ஆட்டுக்குட்டி ஏற்கெனவே சிலுவையில செத்துப்போச்சு. நான் இன்னொண்ண வெட்டுனா, அது பத்தலன்னு சொன்ன மாரி ஆவும்."

கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணன் கேட்டார். "ஒன் ஆட்டுக்குட்டி செத்ததுல என் கைக்கு இன்னா கெடச்சுது, மாப்ள?"

கூட்டத்தில் நின்ற எனக்கு அது கொஞ்சம் நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு பட்ட பாடு இருக்கிறதே! தண்ணீருக்குத் தோணி ஏறி அக்கரைக்குப் போனேன். இவர் சேற்றில் கைவிட்டு நண்டு தடவினார். அதில் நல்ல நண்டாகப் பொறுக்கி அண்ணன் வாசலில் வைத்துவிட்டு வருவார். அண்ணி அதை வீட்டுக்குள் எடுக்காமல் ஏரியிலேயே விட்டுவிடுவாள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஒரு நாள் அடுப்படியில் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன்.

"சாமியார் வந்தாதானே ஒனக்கு மன்னிப்பு? அதுவரைக்கும் ஒன் சாமியும் தோணிக்குக் காத்துனு இருக்காராய்யா?"

அவர் கோபப்படவில்லை. "சாமி மன்னிச்சிடுவாரும்மே. அது எனக்குத் தெரியும். மச்சான் மன்னிக்கலையே" என்றார்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு தோணிக்குப் போனேன்.

அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நாள் வந்தது. ஊரே கோயிலில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தள்ளி, தோணிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அண்ணன் வந்தார். இடது கையில் கயிறு, பின்னால் ஒரு கறுப்புக் கிடா. அது எனக்குத் தெரிந்த கிடா. அண்ணன் மகளின் காதுகுத்துக்கென்று நேர்ந்து, அந்தக் குழந்தை தழை ஊட்டி வளர்த்தது.

பெரியவர் ஒருவர் திகைத்துப்போய்க் கேட்டார். "அடிபட்டவன் நீ. நீ ஏன்டா குடுக்குற?"

"குத்தம் அவனுது. கெடா என்னுது. ரத்தம் உழுந்தா சரிதானே?"

"அப்பிடி வழக்கம் இல்லையே."

"அவன் வெட்டமாட்டான். அவன் சாமி உடாது. என் தங்கச்சி குடத்த தூக்கினு அக்கரைக்கு அலையிது. நான் குடுத்தா வேணான்னு அம்மன் சொல்லுதா, கேளு."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. கிடா விழுந்தது. அண்ணன் மகள் அவள் அம்மா சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். அந்த அழுகையும் எங்கள் கணக்கில்தான் சேரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஒரே இலையில் சாப்பிடவேண்டும். அம்மனுக்குப் படைத்த கறியை இவர் தொடமாட்டார். தொடாவிட்டால் மன்னிப்பைக் காலால் தள்ளினது போல ஆகும். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணி இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். பிறகு தனியாக ஒரு புதுச் சட்டியைக் கொண்டுவந்து ஊற்றினாள். மடவை மீன் குழம்பு.

"கறி ஒனக்கு ஆவாதுல்ல" என்றார் அண்ணன். "ஒரே எலையில துன்னணும்னுதான் சொன்னாங்க. இன்னாத்த துன்னணும்னு யாரும் சொல்லல."

சொல்லிவிட்டுப் பழைய பழக்கத்தில் வலது கையைச் சோற்றுக்குக் கொண்டுபோனார். விரல்கள் மடங்கவில்லை. பருக்கை கையில் நிற்காமல் உதிர்ந்தது. இடது கையால் சாப்பிட அவருக்கு ஊர் முன்னால் கூச்சம். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தார். முள் எடுத்த மீனை வைத்து ஒரு கவளம் உருட்டி அண்ணன் வாய்க்கு நேரே நீட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வழியாக இலையில் விழுந்துகொண்டிருந்தது.

"அழுவாத மாப்ள, சோறு ஆறுது" என்று சொல்லி அண்ணன் வாயைத் திறந்தார்.

அந்த வருஷம் சாமியார் வந்தபோது இவர் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் அன்றைக்கு மட்டும் கொட்டாவி விடவில்லை. அண்ணன் கடைசிவரைக்கும் அம்மனைத்தான் கும்பிட்டார். சாகும்வரை அண்ணனுக்காக வலை இழுத்தது இவர்தான்.

இரண்டு பேருமே இப்போது இல்லை. பூசையில் சாமியார் என் நாக்கில் அப்பத்தை வைக்கும்போதெல்லாம் எனக்கு மடவைக் குழம்பு ருசிக்கிறது. அதையும் ஒரு தடவை பாவமென்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதற்கெல்லாம் மன்னிப்பு தேவையில்லை, போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்.