நகர்ந்த சுவரும் கன்வோரின் பென்சில் கோடுகளும்

கன்வோர் ஹெஸ்ட்னெஸுக்கு நான் ஆயிரத்து இருநூறு குரோனர் கடன்பட்டிருந்தேன். ஒரு ஒட்டுப்பலகையின் விலை. வாழ்க்கையில் யாருக்கும் காசு பாக்கி வைக்காத எனக்கு இந்தக் கடன் எப்படி வந்தது என்று சொன்னால், கன்வோர் எப்படிப்பட்டவள் என்பதும் தெரிந்துவிடும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மீன் பெட்டி அடித்துத் தொழில் கற்று, பதினொரு தச்சர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வந்தவன். எங்கள் துறைமுக ஊரில் என் கை படாத பெரிய கதவு கிடையாது. அதனால்தான், செவிலியரும் பிசியோதெரபிக்காரர்களும் ஒரே கூரைக்குக் கீழே படிக்கப் பல்கலைக்கழகம் புதுக் கட்டடம் வரைய ஆரம்பித்தபோது, மாதிரி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். காகிதத்தை நம்பி கான்கிரீட் ஊற்ற முடியுமா? பழைய மீன் கிடங்குக்குள், செவிலியருக்கு ஒன்று பிசியோதெரபிக்கு ஒன்று என இரண்டு பயிற்சி அறைகளை அசல் அளவிலேயே ஒட்டுப்பலகையில் எழுப்பினேன். நடுச்சுவருக்குச் சக்கரம் வைத்தேன். ஆசிரியர்களும் ஊழியர்களும் அடங்கிய கட்டடக் குழு கூடி நகர்த்திப் பார்க்கும். முடிவான இடத்தில் நான் சிவப்பு நாடா ஒட்டுவேன். வெள்ளிக்கிழமை கட்டடக் கலைஞர் ஹால்வர் அளந்து போனால், அந்த அளவுதான் கட்டடம். அது பிசகினால், இந்த ஓட்வார் க்வால்னெஸ் கோணல் வேலை செய்தான் என்று ஊர் ஐம்பது வருஷம் பேசும்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாஃபிளும் காப்பியும் ஓடின. செவிலியர் ஆசிரியை ரக்ன்ஃபிரிட், "அருமையா இருக்கு" என்றாள். பிசியோதெரபி ஆசிரியர் ஐலிஃப், "நான் சொல்ல ஒண்ணுமே இல்ல" என்றார். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படி ஒன்றுபோலத் தலையாட்டினால், நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

கன்வோர் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "கட்டில் திரும்புமா?"

"திரும்பும், கன்வோர்" என்றார் ஹால்வர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் ஆசிரியை இல்லை. பத்தொன்பது வயதில் தீவிலிருந்து படகேறி வந்து ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்தவள். நாற்பத்து மூன்றாவது வயதில், பழைய வார்டின் குறுகிய திருப்பத்தில், கனத்த நோயாளியோடு கட்டிலைத் தனியாக இழுத்தாள்; இடுப்பு போயிற்று. அதன்பின் இருபது வருஷமாகப் பயிற்சி அறையைக் காக்கிறாள். பொம்மை நோயாளிகளுக்குப் போர்வை மாற்றுவது, ஊசி குத்திக் குத்திச் சல்லடையான பிளாஸ்டிக் கைகளைத் துடைப்பது. ஊழியர் தரப்பில் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வேறு யாரும் கை தூக்கவில்லை, இவள் தூக்கினாள்.

செவ்வாய் காலை நடுச்சுவர் ஒரு சாண் தள்ளி நின்றது. நாடாவும் கூடவே போய் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய இடத்தில் வைத்தேன். புதன் காலை எதிர்ப்பக்கம் ஒரு சாண். போதாதென்று பலகையின் மூலையும் பிளந்திருந்தது. முதலில் ஹால்வரைச் சந்தேகப்பட்டேன். தலைநகரத்து ஆள், மழையிலும் பூட்ஸில் சேறு படாது. பிறகு என் தச்சர்களை. காப்பி குடிக்கும்போது ஒவ்வொருவன் கண்ணையும் பார்த்தேன். எவனும் சிக்கவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குச் சத்தமில்லாமல் கிடங்கைத் திறந்தேன். சுவரடியில் மண்டியிட்டிருந்தாள் கன்வோர். கையில் அளவு நாடா, காதில் பென்சில். பக்கத்தில் ஒரு கட்டில், அதில் ஒரு பொம்மை.

"மாட்டினியா!" என்றேன்.

"மாட்டலை, இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. கையைக் குடு."

"சுவரைத் தள்ளுறது நீதானே?"

"நான் அளக்குறேன்."

"திருடனும்தான் பூட்டை அளப்பான்."

"உனக்கு யார்தான் திருடன் இல்ல? உன் வீட்டுப் பூனையையே சோதனை போட்டுத்தானே உள்ள விடுவே."

"பேச்சை விடு. பலகை ஆயிரத்து இருநூறு."

மறுபேச்சில்லாமல் பையைத் திறந்து எண்ணி வைத்தாள். "உண்மை தெரிஞ்சதும் இது நீ எனக்குத் திருப்பித் தரவேண்டிய கடன், ஞாபகம் வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு என்னை அளக்க விடு."

குற்றம் செய்யாதவள் ஏன் காசு கொடுக்கிறாள்? என் சந்தேகம் இரட்டிப்பானது.

வெள்ளிக்கிழமை ஹால்வர் அளவு நாடாவை விரிக்கும் முன் கன்வோர் கட்டிலை உருட்டி வந்தாள். "ஐலிஃப், ஏறிப் படுங்க. ரக்ன்ஃபிரிட், நீங்க தலைமாட்டைப் பிடிங்க. வெளிய கொண்டுபோங்க பாப்போம்."

கட்டில் கதவருகே பாதி திரும்பிச் சிக்கியது. ரக்ன்ஃபிரிட்டின் விரல் முட்டிகள் சுவரில் உரசித் தோல் போயிற்று.

"திங்கட்கிழமை சுவர் இங்க இருந்துச்சு" என்று கன்வோர் தரையைக் காட்டினாள். தேதி போட்ட பென்சில் கோடுகள், ஏணிப்படி மாதிரி. "செவ்வாய் இங்க. புதன் அங்க. நேத்து மறுபடி இங்க. கால் முளைச்ச சுவர்."

ரக்ன்ஃபிரிட் உரசிய விரலை ஊதியபடி ஐலிஃபைப் பார்த்தாள்.

"நான் ஒரே ஒரு தடவைதான்…" என்றார் ஐலிஃப், படுத்தபடியே. "எங்க பயிற்சி மேசைக்கு இடம் பத்தல."

"ஒரு தடவையா? நான் திருப்பித் தள்ளினதே ரெண்டு தடவை!" என்றாள் ரக்ன்ஃபிரிட்.

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?" என்றார் ஹால்வர்.

"எல்லாரும் சந்தோஷமா வாஃபிள் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. எப்படிச் சொல்றது?" என்றாள் ரக்ன்ஃபிரிட்.

சுவரை முட்டித் தள்ளிப் பலகையைப் பிளந்ததும் தான்தான் என்று ஐலிஃப் ஒப்புக்கொண்டார். கட்டிலின் இருபுறமும் ஆள் நின்று திரும்பும் இடத்தில் கன்வோர் ஒரு நீலக்கோடு போட்டு வைத்திருந்தாள். இரண்டு அறைக்கும் கொஞ்சம் நஷ்டம். சுவரை அங்கே நிறுத்தினோம். கட்டில் முட்டாமல் போயிற்று. ஹால்வர் அந்த அளவை இரண்டு முறை எழுதிக்கொண்டார்.

ஐலிஃப் பலகைக்கான பணத்தைக் கைபேசியில் அனுப்புகிறேன் என்றார். கண்ணால் பார்க்காத காசை நான் நம்புவதில்லை. நோட்டாக வாங்க மூன்று வாரம் ஆயிற்று. வாங்கியதும் பயிற்சி அறைக்குப் போனேன். கன்வோர் ஒரு பொம்மைக்குப் போர்வை செருகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"இரு. உண்மையைச் சொல்லு. நீ ஒரு தடவைகூடத் தள்ளலையா?"

"முதல்ல கடன்."

காட் மீன் படம் போட்ட இருநூறு குரோனர் நோட்டு ஒன்றை வைத்தேன். அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, கள்ளநோட்டா என்று பார்த்துவிட்டு, மறுபடி கையை விரித்தாள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று சத்தமாக எண்ணி, ஆறாவது மீனையும் அந்த உள்ளங்கையில் வைத்தேன்.