மூவர் அமரும் மேசை

ஜப்பானின் ஹச்சினோஹே துறைமுகத்தில் கானாங்கெளுத்தியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை செய்பவர் மசாயோ. மீன்பிடிக் கப்பல்களின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கற்க வேண்டும் என்பது பதினைந்து வயதில் அவர் கொண்ட ஆசை. நடுநிலைப் பள்ளியின் இறுதியாண்டில் ஆசிரியர், தாய், பிள்ளை மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து அடுத்த பள்ளியைத் தீர்மானிப்பது எங்கள் வழக்கம். அன்று கேள்விகள் மசாயோவிடம் கேட்கப்பட்டன. பதில்களை அவருடைய தாய் சொன்னார்.

"இதுக்கு என்ன சார் தெரியும்? தையல் பள்ளிக்கூடமே போதும்."

ஆசிரியர் சிரித்தார். தையல் பள்ளியை விட்டு வெளிவந்த பின் மசாயோ ஊசியைத் தொட்டதே இல்லை.

இப்போது அதே இறுதியாண்டுக்கு வந்துவிட்ட அவருடைய மகள் மினோரிக்குத் தச்சு வேலையில் நாட்டம். தொழிற்பள்ளியின் தச்சுப் பிரிவில் சேர விரும்புவதாகத் தாயிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"அந்த மேசையில நான் வாயே தெறக்க மாட்டேன். எங்கம்மா மாதிரி இருக்க மாட்டேன். நீதான் சொல்லணும்," என்றார் மசாயோ.

"நானா? சார் எதிர்லயா?"

"பின்ன, தச்சு வேலைக்கு நானா போகப்போறேன்?"

அன்று மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த மினோரியின் ஆசிரியர் கொந்தோ இனியவர்.

"மார்க்கு நல்லா இருக்கு. பொதுக்கல்விப் பள்ளிக்கே போகலாம், அப்புறம் பல்கலைக்கழகமும் பாக்கலாம். நீ என்னம்மா சொல்ற, மினோரி?"

மினோரி மேசையைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். மசாயோ உதட்டைக் கடித்துக்கொண்டு வாக்கைக் காத்தார். பிள்ளை பேசாவிட்டால் தாய் பேசுவாள். தாயும் பேசாவிட்டால் இருவருக்கும் சம்மதம். எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருள் கிடையாது.

"அப்ப சரி. அம்மாவுக்கும் ஆட்சேபணை இல்ல," என்று கொந்தோ மகிழ்ந்தார்.

நடைவழிக்கு வந்ததும் மசாயோ கேட்டார்.

"ஏன்டி சொல்லல?"

"நான் முழிச்சா நீ எடுத்துக் குடுப்பேன்னு பார்த்தேன்மா."

"வா, உள்ள போய்ச் சொல்லிடலாம்."

"வேண்டாம்மா. அவரு அவ்ளோ சந்தோஷப்பட்டாரு. இப்பப் போய் மாத்தினா எப்படி அவரு முகத்துல முழிக்கறது?"

அதற்குள் அடுத்த தாயும் பிள்ளையும் உள்ளே சென்றுவிட்டனர். தான் மட்டும் போய்ச் சொன்னால் தன் தாய் செய்ததையே செய்ததாகும் என்று மசாயோ நின்றுவிட்டார்.

பள்ளி நிறைவு விழாவில் கொந்தோ மேடையேறிப் பேசினார்.

"எங்க பள்ளியில எதையும் நாங்களா முடிவு பண்றதில்ல. பிள்ளைங்களையே நேர்ல கேட்டுத்தான் பண்றோம்."

பெற்றோர் அனைவரும் நன்றியுடன் தலைதாழ்த்தி வணங்கினர். மசாயோவும் வணங்கினார்.