வெள்ளிக்கிழமை பார்த்த மாடி

"கேரண்டி சார், ஒரு நிமிஷம்கூட நிக்காது" என்று பிரிசில்லாவை யார் சொல்லச் சொன்னது? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்கு இரண்டு கட்டடம். தோல் வெட்டுவது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், தைப்பது அந்தப் பக்கம். எந்தத் துண்டு எந்த ஜோடிக்கு என்ற விவரம் கம்ப்யூட்டரில் போய்ச் சேர்ந்தால்தான் தையல் நடக்கும். தண்டவாளத்தைத் தாண்டி கேபிள் இழுக்க அனுமதி வாங்குவதற்குள் ஆயுசு முடிந்துவிடும். இரண்டு மொட்டை மாடியிலும் டிஷ் வைத்து, ஒன்றையொன்று நேராகப் பார்க்க வைத்தால் காற்றிலேயே போகும் என்று யோசனை சொன்னவள் அவள்தான்.

ஏழு வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். மாலை வகுப்பில் டிப்ளமோ முடித்து இப்போதுதான் கம்ப்யூட்டர் அறைக்கு வந்திருக்கிறாள். ஆறு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் திரும்பத் தையலுக்கு என்று மேனேஜர் நயீம் அகமது முதல் நாளே சொல்லிவிட்டார்.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை டிஷ்களை மாட்டினார்கள். சிக்னல் பிரமாதம். சனிக்கிழமை காலையும் ஓடியது. பத்து மணிக்குப் படுத்துவிட்டது.

தையல் கூடத்தில் இருநூறு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய தோழி நிஷா அவள் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதடி. உன் மிஷின்ல இன்னும் யாரையும் போடல."

அன்பாகத்தான் சொன்னாள். பிரிசில்லா கையை உருவிக்கொண்டாள்.

மாடிக்கு ஓடினாள். திருகு அசையவில்லை, வயர் சரி, பெட்டியில் விளக்கு எரிகிறது. வேர்த்துக் கொட்டியது. நிமிர்ந்து எதிர்மாடியைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுவில் தோல் பதனிடும் டேனரி; அதன் மாடி முழுக்க உயரக் கம்புகளில் ஈரத் தோல் தொங்கியது. வெள்ளிக்கிழமை டேனரிக்கும் லீவு. அன்றைக்குக் கம்புகள் காலி. ஊரே தோலில் பிழைக்கிறது, தோலைக் காயப்போடுவார்கள் என்பது மட்டும் அவள் புத்திக்கு எட்டவில்லை.

கீழே ஓடிப்போய் டேனரி மேஸ்திரி ஹஸனிடம் கெஞ்சினாள்.

"அந்த ஓரத்த மட்டும் எடுங்களேன் பாய்."

"இன்னாம்மா பேசற? அங்கதான் வெயில் ஜாஸ்தி. இப்ப எடுத்தா மால் கெட்டுப்பூடும்."

அவர் சொல்வதும் நியாயம்தான். அவளுக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்தால் நயீம் அகமது வாசலிலேயே நிற்கிறார்.

"டிஷ் குடுத்தவன் ஏமாத்திட்டான் போல இருக்கே?"

தலையை ஆட்டியிருந்தால் போதும், தப்பித்திருப்பாள். ஆட்டத்தான் நினைத்தாள்.

"டிஷ் நல்லாத்தான் இருக்கு சார். தப்பு என்னுது. லீவு நாள்ல பாத்துட்டேன். தோல் மறைக்குது. ரெண்டு பக்கமும் பத்தடி பைப் வச்சுத் தூக்கணும்."

அவர் வாசலை விட்டு வெளியே வந்தார். மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"முப்பது வருஷமா தோல்லயே கெடக்கறேன். உன் டிஷ் பிளான்ல கையெழுத்து போட்டவனும் நான்தான். எனக்கும் தோணலையே. வெல்டரக் கூப்புடு."

இரண்டரை மணிக்கு டிஷ்கள் உயரே ஏறின. இணைப்பு வந்தது. தையல் கூடம் இரைய ஆரம்பித்தது.

"இனிமே நிக்காதே?" என்றார் நயீம் அகமது.

கேரண்டி என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"மழைக்காலம் இன்னும் பாக்கல சார்."

"அப்ப மழைக்காலத்தையும் இருந்து பாத்துட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். மழைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது; அவளுக்குக் கொடுத்திருந்த கெடு ஆறு. பிரிசில்லா வெல்டர் முன்னாலேயே அழுதுவிட்டாள்.