கிரகணத்தில் வெட்டியது

என் உம்மா மைமூனா, சாய்ந்தமருதில் முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் பிறப்பித்த மருத்துவிச்சி. பெற்றது என்னை மட்டும். ஏன் இன்னொன்று பெறவில்லை என்று நான் கேட்டதே இல்லை. என் மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருக்கும். சுபைறாவுக்கு ஏன் இப்படி என்று யார் கேட்டாலும் ஊரிடம் ஒரே பதில்தான்: "உம்மாக்காரி கிரகணத்துல மீன் வெட்டினவ."

அது ஐம்பத்தைந்தாம் ஆண்டு. நான் வயிற்றில் ஐந்து மாதம். காலையில் கிணற்றடியில் பாரைக்குட்டி மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மா, வெளிச்சம் குறைவதைக் கண்டு நிமிர்ந்தார். பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. கோழிகள் கூட்டுக்குள் ஏறின. கையில் கத்தி இருப்பதையே மறந்து நின்றுவிட்டார். "அல்லாஹ்ட குத்றத்த, அவன்ட வல்லமயப் பாக்காம உள்ளுக்குப் போக மனம் வரல்ல மகள்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நான் நல்ல மகள் அல்ல. ஒவ்வொரு கலியாணப் பேச்சு முறியும்போதும் அந்த மீனை எடுத்து அவர் முகத்தில் வீசுவேன். "நீங்க வேடிக்க பாத்ததுக்கு என்ட முகம்தானா கிடச்சிச்சி?" என்பேன். அவர் ஒருநாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை.

எண்பதாம் ஆண்டு மாசியில் மறுபடியும் கிரகணம் வந்தது. பின்னேரம் பிடிக்கும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். உம்மா காலையிலேயே வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், ஊசி, பிளேட் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினார். "இந்த வீட்டுல ஆரு புள்ளத்தாச்சி?" என்று நான் சிரித்தேன். அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மத்தியானம் ளுஹர் தொழுகை முடிந்ததும் அடுத்த தெரு றுகையா மாமி ஆள் அனுப்பினார். மகள் நதீராவுக்குத் தலைப்பிள்ளை, நோவு கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் வாசலில் நின்றது. ஆனால் கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வெளியே இறக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை.

உம்மா பையைத் தூக்கினார். பூட்டிய பெட்டியைத் திறந்து பிளேட் ஒன்றை எடுத்து அதன் அடியில் போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். "தலப்புள்ளதானே, கிரகணம் விட்ட புறகுதான் வரும்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

மூன்றரை மணி போல வெளிச்சம் கெட்டது. இருட்டவில்லை. காய்ச்சலில் கிடந்து பார்ப்பதுபோல் எல்லாம் மங்கலாக, மஞ்சளாக இருந்தது. கூரையில் வேய்ந்த ஓலைக் கிடுகின் ஓட்டைகளால் எப்போதும் வட்டமாக விழும் வெயில் அன்று பிறை பிறையாக விழுந்தது. தரையில், பாயில், நதீராவின் வயிற்றில் நூறு பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் வளைந்தவை. அவள் மூச்சு வாங்க வாங்க வயிற்றிலிருந்த பிறைகள் அசைந்தன. அவ்வளவு அழகு, அவ்வளவு பயம். உம்மாவும் பார்த்தார். இம்முறை உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

பிள்ளை காத்திருக்கவில்லை. தலை வந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. உம்மா விரலை நுழைத்துக் கழற்றப் பார்த்தார், விரல் நுழையவில்லை. பிள்ளையின் முகம் நீலம் பாரித்தது.

"பிளேட்ட எடு மகள்."

றுகையா மாமி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "இரும்பு படப்படா ராத்தா! கிரகணம் விடட்டும். உங்களுக்குத் தெரியாதா?" என்று என் முகத்தைக் காட்டினார்.

உம்மா என்னைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"என்னப் போல ஆனாலும் பறவாயில்ல, உசிரோட வரட்டும். வெட்டுங்க உம்மா!" என்று கத்தினேன்.

இரண்டு இடத்தில் நூலால் கட்டி நடுவில் வெட்டினார். பிள்ளை வழுகி வந்தது. அழவில்லை. குப்புறப் பிடித்து முதுகைத் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார். கடைசியில் ஒரு சின்ன இருமல், பிறகு அழுகை. ஆண்பிள்ளை.

றுகையா மாமி பேரனைத் துணியில் சுற்றி வாங்கினார், முகம் மலரவில்லை. "இப்ப ஒண்டும் தெரியாது. குற போகப் போகத்தான் தெரியும்" என்றார்.

நாற்பது நாளும் உம்மா அங்கே போனார். கண், காது, விரல், உதடு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிள்ளை ஒருநாள் பால் குடிக்காவிட்டாலும் இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. வெட்டச் சொன்னது நான்தானே.

நாற்பதாம் நாள் திரும்பி வந்து குசினிப் படியில் குந்தினார்.

"ஒரு குறையுமில்ல மகள். அப்ப, உன்ட உதட்ட வெட்டினது நானில்லயா?"

கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஏழாம் வகுப்பிலேயே விஞ்ஞான டீச்சர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் நம்பினேன். உம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பிறகு யாரைக் கோபிப்பது?

"நீங்க இல்ல உம்மா" என்றேன். "எனக்குப் பன்னிரண்டு வயசிலேயே தெரியும்."

அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்.

"அப்ப எனக்கு முப்பத்தொரு வயசு" என்றார். "அண்டைக்கே சொல்லியிருந்தா, பயப்படாம இன்னொண்டு பெத்திருப்பன். உனக்கு ஒரு தம்பி இருந்திருப்பான் மகள்."