வால்நட் வேர் காயும்வரை

எனக்குப் பொறுமை கிடையாது. கேத்தல் கொதிக்கும்வரை பக்கத்தில் நிற்க மாட்டேன். பூசையில் பாதிரியாரின் பிரசங்கம் நீண்டால் கார்ச் சாவியைத் தடவத் தொடங்கிவிடுவேன். ஈஸ்ட் டாமாக்கியில், சமையலறை அலுமாரி செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலையில் பலகையாக வருவது பின்னேரம் அலுமாரியாகப் போய்விடும். அந்த வேகத்துக்காகவே அங்கே நிலைத்தேன்.

பாபகூராவில் எங்கள் பின்வளவில் ஒரு வால்நட் மரம் நின்றது. மகள் ஏறி விளையாடிய மரம். அதன் வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து, குளியலறைத் தண்ணீர் திரும்பி வரத் தொடங்கியதும் வெட்டுவதென்று முடிவெடுத்தோம். அதே கிழமைதான் மகள் பிரிஸ்பேனில் வேலை கிடைத்துவிட்டதென்று சொன்னாள். ஆறே கிழமையில், ஒன்றரை மாதத்தில், பயணம். இங்கிருந்து கடல் தாண்டி அவுஸ்திரேலியாவுக்குப் போகிற பிள்ளைகள் முதலில் நத்தார்ப் பண்டிகைக்கு வருவார்கள்; பிறகு அதுவும் நின்றுவிடும். தெரிந்தவர்கள் வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மரம் வெட்ட வந்த சமோவாத் தீவுக்காரர் அடிமரத்தை இரண்டு தரம் சுற்றி வந்தார். குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். பிறகு, கூலி வேண்டாம், வேரைத் தந்துவிடு என்றார். கூலி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். துருவிக் கேட்டேன். மனிதர் ஒளிக்கவில்லை. வால்நட்டில் தண்டும் நல்ல மரம்தான்; ஆனால் தண்டும் வேரும் சேருகிற இடத்தில்தான் ரேகைகள் சுருண்டு ஓடும். துப்பாக்கிப் பிடி, கத்திப் பிடி, கிண்ணம் செய்கிறவர்கள் அதைத்தான் தேடி அலைவார்களாம். நிலத்தோடு ஒட்ட அறுத்தால் அவ்வளவும் மண்ணுக்குள் வீணாகிவிடும். சுற்றிவரத் தோண்டி முழுதாகக் கிளப்ப வேண்டும். ஆனால் காய்வதற்கு மூன்று வருஷமாவது வேண்டும் என்றார்.

கூலியைக் கொடுத்து வேரை நானே வைத்துக்கொண்டேன். அதில் ஒரு கிண்ணம் கடைந்து மகளின் பெட்டிக்குள் வைத்து அனுப்ப வேண்டும். வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

"ஆறு கிழமையிலயோ? மூண்டு வருஷம் எண்டெல்லோ அந்த மனுசன் சொன்னவர்" என்றாள் மனைவி.

"அது அவையின்ர முறை. எங்கட முறை வேற."

எங்கள் ஊரான மன்னாரில் வெட்டிய மரத்தை உப்புத் தண்ணீரில் தாழ்த்தி வைத்துவிட்டுத்தான் காயவிடுவோம். மரத்துக்குள் இருக்கிற பால் கழன்றுவிடும், பூச்சி அரிக்காது, காய்வதும் சுறுக்காக நடக்கும். எங்கள் பூவரசுக்குச் சரியென்றால் வால்நட்டுக்கு ஏன் சரிவராது? கராஜில் கிடந்த இரும்பு ட்ரம்மை நிரப்பி, மூட்டை உப்பைக் கொட்டி, கழுவிய வேர்க்கட்டையை அமுக்கினேன். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. பால் கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

நாலு கிழமை கழித்துத் தூக்கினால் கட்டை மைக்கூட்டுக்குள் விழுந்ததுபோல் இருந்தது. வால்நட்டின் சாறும் இரும்பும் சேர்ந்தால் மைதான் என்பது தொழிற்சாலையில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. என்னையே அறையலாம் போலிருந்தது. கறுப்பை அறுத்து அறுத்துத் தள்ளினேன். கடைசியில் பாண் ரொட்டி அளவு துண்டொன்று மிஞ்சியது. அதில் ரேகைகள் சுருள் சுருளாக ஓடின. அதைப் பார்த்ததும் ஆத்திரம் இன்னும் கூடியது. பயணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

துண்டைக் கொண்டுபோய் கேக் சுடுகிற அவணுக்குள் வைத்தேன். மணத்துக்கு ஓடி வந்த மகள் சுவிட்சை நிற்பாட்டினாள்.

"டாட், ஸ்டாப். ப்ளீஸ்."

"நீ போகப் போறாய். உனக்கு நான் ஒண்டும் செய்து தரேல்லை" என்று கத்தினேன்.

துணியால் பிடித்துக் கட்டையை வெளியே எடுத்தாள். ஒரு ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. எங்களோடு ஆங்கிலத்திலேயே பேசுகிறவள், சொற்களைத் தேடித் தேடித் தமிழில் சொன்னாள்: "இது காயட்டும் அப்பா. காய்ஞ்சா நான் வந்து எடுப்பன்."

மங்கரே விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டு வந்த கையோடு, கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பால்மாத் தகரப் பேணியில் உருக்கி, கட்டையின் வெட்டு முகங்களில் பூசினேன். ஈரம் மெல்ல மெல்லப் போனால்தான் வெடிக்காதாம். அன்று தொடங்கி ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் சமையலறைத் தராசில் நிறுத்துக் கலண்டரில் குறிப்பேன். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"பிள்ளையைக்கூட நீங்கள் இப்பிடி நிறுத்துப் பாக்கேல்லை" என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

முதல் நத்தாருக்கு மகள் வந்தாள். அடுத்ததற்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை; காரணம் நான் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் தமிழில் ஒரு கேள்வி மட்டும் கேட்பாள்.

இப்போது நாலு ஞாயிறாகக் கலண்டரில் ஒரே எண். தராசு பிழையோ என்று பற்றரி மாற்றிப் பார்த்தேன். அதே எண். நேற்று அவள் போன் எடுத்தாள்.

"அப்பா, கட்டை காய்ஞ்சிட்டுதோ?"

காய்ந்துவிட்டது என்று சொன்னால், தபாலில் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம் வந்தது. மனைவி கலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம் கிடக்கு, பிள்ளை" என்றேன்.